சர்டிஃபிகேட்ல பேர் இடம் காலியா இருக்கு, "ஆண்"னு மட்டும் போட்டிருக்கு. புது சர்டிஃபைட் காப்பி வாங்குறது எப்படி?

தாமிரபரணிக்காரன்
எல்லாருக்கும் வணக்கம். நான் இப்போ அமெரிக்கால இருக்கேன், க்ரீன் கார்டு அப்ளை பண்ண பேப்பர் எல்லாம் சேர்த்துக்கிட்டு இருக்கேன். பொறந்தது 1986, திருநெல்வேலி பக்கம் ஒரு கிராமம், வீட்லயே பிரசவம். அப்பா அப்பவே பிறப்பு சான்றிதழ் வாங்கி வச்சிருக்காரு, அதுல குழந்தை பேர்ங்கிற இடத்துல ஒண்ணுமே இல்ல, பாலினம் ஆண்னு மட்டும் இருக்கு. எல்லாம் தமிழ்ல கையெழுத்து, சீல் பாதி அழிஞ்சு போச்சு, போதாக்குறைக்கு யாரோ லேமினேட் வேற பண்ணி வச்சிருக்காங்க. ஆன்லைன்ல தேதி, அப்பா பேர் எல்லாம் போட்டு தேடிப் பார்த்துட்டேன், எதுவும் வரல. ஊர்ல சித்தப்பா இருக்கார், அவர் போய் வாங்கலாமா இல்ல நானே வரணுமா? விஏஓ ஆபீஸா, தாலுகா ஆபீஸா, வேற எங்கயாச்சுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

க்யூல நிக்கிறவன்
ப்ரோ நானும் அதே க்யூ தான். சிம்பிளா சொல்றேன், பேர் இல்லாத சர்டிஃபிகேட்டை வச்சு மல்லுக்கட்டாதீங்க. "பதிவு இல்லை"ன்னு ஒரு சான்று வாங்கிக்கங்க, கூட அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்ட அஃபிடவிட், எஸ்எஸ்எல்சி மார்க் ஷீட். எங்க ஆபீஸ்ல பாதி பேர் அப்படித்தான் போட்டிருக்காங்க.

பழைய ரிஜிஸ்டர்
//"பதிவு இல்லை"ன்னு ஒரு சான்று வாங்கிக்கங்க//

இத மட்டும் செய்யாதீங்க தம்பி. அந்த சான்று படிவம் 10, தேடிப் பார்த்தோம், எங்க ரிஜிஸ்டர்ல இப்படி ஒரு பிறப்பே பதிவாகலன்னு பதிவாளர் எழுதித் தர்றது. இவருக்கு பதிவு இருக்கு, கையில அதோட நகலும் இருக்கு. இருக்கிற பதிவை இல்லன்னு எந்த பதிவாளரும் எழுதித்தரக் கூடாது. எவனாச்சும் காசு வாங்கிட்டு எழுதிக் குடுத்தாலும் நாளைக்கு அந்த லேமினேட் பண்ண பழைய பேப்பர் வேற ஏதாவது ஃபைல்ல இருந்து வெளிய வந்துச்சுன்னா பதில் சொல்ல வேண்டியது இவர்தான்.

நான் ரொம்ப வருஷம் இந்த வேலை சம்பந்தப்பட்ட ஆபீஸ்ல குப்பை கொட்டுனவன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க.

எல்லாரும் சர்டிஃபிகேட், சர்டிஃபிகேட்னு தேடுறீங்க. உண்மையான ஆவணம் ரிஜிஸ்டர்ல இருக்கிற அந்த ஒத்த வரி தான். சர்டிஃபிகேட்ங்கிறது அந்த வரியைப் பார்த்து எழுதி, பதிவாளர் கையெழுத்து போட்டு, சீல் வச்சுத் தர்ற நகல். ஜெராக்ஸ் எடுத்து கெசட்டட் ஆபீசர்கிட்ட பச்சை மையில கையெழுத்து வாங்குறது சர்டிஃபைட் காப்பி ஆகாது, அவர்கிட்ட ரிஜிஸ்டர் கிடையாது. அதனால முதல் கேள்வி, அந்த வரி இப்போ எந்த ஆபீஸ் பீரோல இருக்கு? ரெண்டாவது கேள்வி, அந்த வரில என்னென்ன எழுதியிருக்கு? இது ரெண்டும் தெரியாம மனு குடுத்தா அலைச்சல் தான் மிச்சம்.

கிராம ஊராட்சில பதிவாளர் விஏஓ. ஆனா பழைய ரிஜிஸ்டர் எல்லாம் அவர்கிட்டயே இருக்காது, தாலுகா ஆபீசுக்கு போயிடும், ரொம்ப பழசு சார்பதிவாளர் அலுவலகத்துல இருக்கும். ஆமா, பத்திரம் பதியுற அதே ஆபீஸ் தான், நிறைய பேருக்கு இது தெரியாது. 1986ன்னா சித்தப்பாவை முதல்ல அங்க போய் கேக்கச் சொல்லுங்க.

அப்புறம், நீங்களே வரணும்னு சட்டத்துல இல்ல. பிறப்பு இறப்பு பதிவுச் சட்டம் 1969, பிரிவு 17, யார் வேணும்னாலும் கட்டணம் கட்டி தேடச் சொல்லி நகல் கேக்கலாம். இறப்பா இருந்தா மட்டும் இறப்புக்கான காரணத்தை வெளியாளுக்கு தரமாட்டாங்க. ஆனாலும் கவுன்டர்ல இருக்கிறவங்க "நீங்க யாரு"ன்னு கேப்பாங்க, அதனால சித்தப்பா பேர்ல ஒரு அதிகாரக் கடிதம் எழுதி, உங்க பாஸ்போர்ட் நகலோட அனுப்பிடுங்க.

தாமிரபரணிக்காரன்
ரொம்ப நன்றி சார். ஆன்லைன்ல ஏன் வரலன்னு தான் புரியல. சென்னைல பொறந்த என் ஃப்ரெண்டு உக்கார்ந்த இடத்துலயே டவுன்லோட் பண்ணிட்டான்.

இ-சேவை தம்பி
அண்ணா சென்னை மாநகராட்சி தனியா அவங்க பழைய ரெக்கார்ட்ஸ கம்ப்யூட்டர்ல ஏத்தி சைட்ல போட்டுட்டாங்க, ஃப்ரீயாவே எடுத்துக்கலாம். மத்த ஊருக்கெல்லாம் மாநில சைட், சி.ஆர்.எஸ்.டி.என் டாட் ஓஆர்ஜி, அதுல 2018 ஜனவரில இருந்து பதிஞ்சது தான் க்யூஆர் கோடோட வரும். 86 எல்லாம் பேப்பர் தான், போய் தான் ஆகணும்.

இன்னொன்னு முக்கியமா சொல்லணும், கூகுள்ல தேடினா மத்திய அரசு சைட் மாதிரியே அச்சு அசலா போலி சைட் நிறைய வரும், காசு கட்டுனா அரை மணி நேரத்துல க்யூஆர் போட்ட சர்டிஃபிகேட் வந்துடும், ஸ்கேன் பண்ணா "வெரிஃபைட்"னும் காட்டும், ஆனா அது காட்டுறது அவனோட சைட்ல. ஸ்கேன் பண்ணதும் மேல இருக்கிற முகவரியைப் பாருங்க. மத்திய அரசு சைட்னா ஜிஓவி டாட் ஐஎன்ல முடியணும். நம்ம மாநில சைட் ஓஆர்ஜில முடியுறதால தான் ஜனங்க இன்னும் குழம்புறாங்க, என் கடைக்கு போலி சர்டிஃபிகேட்டோட வந்து ஆதார் அப்டேட் பண்ணக் கேட்டவங்க இருக்காங்க, பாவம் அவங்களுக்கே தெரியாது.

கோவை மழை
நானும் இந்த சிக்கல்ல மாட்டினேன், ஊரே மாறிப் போன கேஸ். நான் பொறந்தப்ப எங்க ஏரியா தனி நகராட்சி, 2011ல மாநகராட்சியோட சேர்த்துட்டாங்க. பழைய ரிஜிஸ்டர் எங்கன்னு கேட்டா ஒரு ஆபீஸ்ல அந்த ஆபீஸ்ங்கிறாங்க, அங்க போனா இங்கங்கிறாங்க. கடைசில மண்டல அலுவலகத்துல ஒரு பெரியவர் தான் "பழைய நகராட்சி புக் எல்லாம் மாடில இருக்கு"ன்னு கூட்டிட்டுப் போனாரு. சென்னைலயும் அதே 2011ல அம்பத்தூர், ஆலந்தூர், திருவொற்றியூர்னு 42 உள்ளாட்சிகளை சேர்த்தாங்க, அந்தப் பக்கத்து ஆளுங்களும் இதை மனசுல வச்சுக்கங்க. மனுல இப்போ உள்ள பேரோட "பிறந்த சமயத்தில் இன்ன நகராட்சி"ன்னும் சேர்த்து எழுதணும்.

அம்மாவின் ஃபைல்
நடுவுல ஒரு கேள்வி. எங்கம்மா 1958. பதிவே கிடையாது, தேடிப் பார்த்தாச்சு. இப்போ அம்மாவுக்கு தாமதப் பதிவு பண்ணி புதுசா ஒரு சர்டிஃபிகேட் வாங்கிடலாம்னு அண்ணன் சொல்றான், ஆர்டிஓகிட்ட (கோட்டாட்சியர்) மனு போட்டா கிடைக்குமாமே?

பழைய ரிஜிஸ்டர்
கிடைக்கும்மா. ஒரு வருஷம் தாண்டுன பதிவுக்கு முன்ன மாஜிஸ்திரேட் கோர்ட் உத்தரவு வேணும், இப்போ கோட்டாட்சியர் விசாரிச்சு உத்தரவு போடுறார். ஆனா எதுக்கு வேணும்னு சொல்லுங்க. பாஸ்போர்ட்டுக்குன்னா தேவையே இல்ல. 1.10.2023 அன்னைக்கோ அதுக்கு அப்புறமோ பொறந்தவங்களுக்கு தான் பிறப்பு சான்றிதழ் கட்டாயம். அதுக்கு முன்ன பொறந்தவங்க பான் கார்டு, பள்ளி சான்றிதழ், லைசென்ஸ் இந்த மாதிரி காட்டலாம்.

அம்மாவின் ஃபைல்
தங்கச்சி அமெரிக்கால சிட்டிசன், அவ அம்மாவை ஸ்பான்சர் பண்றா. அதுக்குத்தான்.

க்யூல நிக்கிறவன்
அக்கா அப்போ கண்டிப்பா இப்போ புதுசா பதிய வேண்டாம். 58ல பொறந்தவங்களுக்கு இந்த வருஷ தேதி போட்ட பதிவைப் பார்த்தா அமெரிக்க குடியேற்ற ஆபீஸ்காரங்க எப்படியும் ஸ்கூல் ரெக்கார்ட், அஃபிடவிட்னு துணை ஆதாரம் கேப்பாங்க. 1969 சட்டம் நிறைய மாநிலத்துல நடைமுறைக்கு வந்ததே 1970 ஏப்ரல் 1ல இருந்து தான், அதுக்கு முன்ன பொறந்தவங்களுக்கு பதிவு இல்லாம இருக்கலாம்னு அவங்களுக்கே தெரியும். உங்க கேஸ்ல தான் அந்த "பதிவு இல்லை" சான்று சரியா பொருந்தும். அதோட பள்ளி சான்றிதழ், அம்மாவை விட வயசுல மூத்த சொந்தக்காரங்க அஃபிடவிட் போதும்.

(பெரியவர் முறைக்கிறதுக்குள்ள சொல்லிடுறேன், இந்த கேஸ்ல நிஜமாவே பதிவு இல்ல சார் 😀)

பழைய ரிஜிஸ்டர்
இந்த கேஸ்ல சரி தான்யா. ஒண்ணு மட்டும் சேர்த்துக்கங்க, "பதிவு இல்லை" சான்று கேக்கும்போது தேதியை மட்டும் நம்பாதீங்க. அந்தக் காலத்துல பள்ளிக்கூடத்துல சேர்க்க வயசு கூட்டிச் சொல்றது சகஜம். ரிஜிஸ்டர்ல வேற தேதில இருக்கும், நீங்க ஸ்கூல் தேதியை வச்சு தேடுவீங்க, எப்படி கிடைக்கும்? முன்ன ஒரு வருஷம், பின்ன ஒரு வருஷம் சேர்த்து தேடச் சொல்லுங்க. தேடல் கட்டணம் வருஷக் கணக்குல தான், எத்தனை வருஷம் தேடுறாங்களோ அத்தனைக்கு கட்டணும், அது பெரிய தொகை ஒண்ணும் கிடையாது.

ரெண்டு குட்டீஸ் அம்மா
எனக்கு ஒரு டவுட், இழை வேற பக்கம் போகுதுன்னா மன்னிச்சுக்கங்க. பாப்பாவுக்கு இன்னும் பேர் வைக்கல, மாமியார் ஒண்ணு சொல்றாங்க, எங்க வீட்ல ஒண்ணு சொல்றாங்க, இவரு வாயே திறக்கல. பேர் முடிவாகுற வரைக்கும் பதியாம இருக்கலாமா?

இ-சேவை தம்பி
அக்கா ஆஸ்பத்திரி பிரசவம்னா ஆஸ்பத்திரியே 21 நாளுக்குள்ள தகவல் குடுத்துடணும், நீங்க தள்ளிப் போடவே முடியாது. பேர் இல்லாமலே பதிஞ்சுடும். அப்புறம் ஒரு வருஷத்துக்குள்ள பேர் சேர்த்தா காசு கிடையாது, அதுக்கு மேலன்னா தாமதக் கட்டணம், 15 வருஷம் வரைக்கும் டைம். ஆனா அவ்ளோ நாள் சண்டை போடாதீங்க 😂. மாசமா இருந்தப்ப குடுத்த ஆர்சிஹெச் நம்பர் பத்திரமா இருக்கா பாருங்க, சைட்ல எடுக்க அது கேக்கும்.

பழைய ரிஜிஸ்டர்
ஒரு தடவை சேர்த்த பேர் சேர்த்தது தான், அப்புறம் மனசு மாறி "அந்தப் பேர் வேண்டாம்"னு போனா மாத்த மாட்டாங்க. எழுத்துப் பிழை திருத்தலாம், பேரையே மாத்துறது நடக்காது. அதனால மாமியாரும் நீங்களும் ஒரு முடிவுக்கு வந்துட்டே போங்கம்மா.

தாமிரபரணி தம்பிக்கும் இதே தான். அவர் பிரச்சினைக்கு வழி பேர் சேர்க்கிறது தான். 15 வருஷம் தாண்டினவங்களுக்கு அரசு அப்பப்ப காலக்கெடு நீட்டித்து தரும், ஒரு தடவை 2019 டிசம்பர் வரைக்கும் குடுத்தாங்க, அப்புறம் 2024 டிசம்பர் வரைக்கும் குடுத்தாங்க. மனு குடுக்கிற அன்னைக்கு நடப்புல என்ன தேதின்னு ஆபீஸ்லயே கேட்டுக்கங்க. ஆனா மனு எழுதுறதுக்கு முன்ன பேரை எப்படி எழுதப் போறீங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதி வச்சு, பாஸ்போர்ட் பக்கத்துல வச்சுப் பாருங்க. இங்க தான் முக்கால்வாசி பேர் கோட்டை விடுறாங்க. ஸ்கூல்ல இனிஷியலோட இருக்கும், பாஸ்போர்ட்ல அப்பா பேர் முழுசா சர்நேம் ஆகியிருக்கும், ஆதார்ல இனிஷியல் பின்னாடி போயிருக்கும்.

சும்மா எட்டிப்பார்ப்பவன்
இனிஷியல் கதையை விடுங்க, என் பேர்ல வர்ற ழகரத்தை இங்கிலீஷ்ல ஸ்கூல்ல ஒரு மாதிரி, காலேஜ்ல ஒரு மாதிரி எழுதி வச்சிருக்காங்க. ரெண்டும் நான் தான்னு நோட்டரி கிட்ட ஒரு அஃபிடவிட் போட்டு எல்லா இடத்துலயும் ஓட்டிக்கிட்டு இருக்கேன். இதுக்கெல்லாம் ரிஜிஸ்டரை திருத்திக்கிட்டு அலையணுமா?

கோவை மழை
அது ஓடுற வரைக்கும் ஓடும் பாஸ். ஒவ்வொரு இடத்துலயும் அந்த அதிகாரி மனசு வச்சா ஒத்துக்குவார், இல்லன்னா திருப்பி விடுவார். திருத்த வழி இருக்கிறப்ப திருத்திட்டா ஒரு தடவையோட தலைவலி முடிஞ்சுது.

சும்மா எட்டிப்பார்ப்பவன்
எந்த நாட்டுல இருக்கீங்க, திருத்தப் போனா தான் தலைவலியே ஆரம்பிக்குது. ஒரு ஆபீஸ்ல என் தம்பிக்கு அப்பா பேர்ல ஒரு எழுத்து திருத்தக் குடுத்து, திருத்தின சர்டிஃபிகேட்ல பிறந்த தேதி தப்பா டைப் ஆகி வந்துச்சு.

பழைய ரிஜிஸ்டர்
ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. எந்தப் பிழைங்கிறதைப் பொறுத்தது. அப்பா பேர்ல ஒரு எழுத்துன்னா அஃபிடவிட் போதும், பெரும்பாலும் கேக்க மாட்டாங்க. அம்மா பேரே வேற, பிறந்த தேதி வேற, பாலினம் மாறியிருக்கு, இதெல்லாம் அஃபிடவிட்ல நிக்காது.

திருத்தம்னா என்ன நடக்கும்னு தெரிஞ்சுக்கங்க. பிரிவு 15. பழைய எழுத்தை அடிக்கவோ அழிக்கவோ மாட்டாங்க, வெள்ளை மை தடவுறது எல்லாம் கிடையவே கிடையாது. அந்த வரி அப்படியே இருக்கும், பக்கத்துல ஓரத்துல திருத்தத்தை எழுதி, பதிவாளர் கையெழுத்தும் தேதியும் போடுவார். சாதாரண எழுத்துப் பிழைக்கு ஒரு மாதிரி நடைமுறை, விஷயமே தப்புன்னா விவரம் தெரிஞ்ச நம்பகமான ரெண்டு பேர் உறுதிமொழி எழுதித் தரணும், ஆதாரமும் வேணும். கெசட்ல பேர் மாத்திட்டேன், ரிஜிஸ்டர்லயும் மாத்துங்கன்னு வருவாங்க, அது வேற. நீங்க பொறந்தப்ப அந்தப் பேர் இல்லயே, அது எப்படி பதிவுல பிழை ஆகும்?

சர்டிஃபிகேட் கையில வாங்கினதும் கவுன்டரை விட்டு நகராம அங்கேயே நின்னு எழுத்து எழுத்தா படிச்சிடணும், தமிழும் இங்கிலீஷும். டைப் பண்ண தப்புக்கு ரிஜிஸ்டர் திருத்தம் தேவையில்ல, அப்பவே வேற அடிச்சுக் குடுத்துடுவாங்க. வீட்டுக்குப் போயிட்டா அதுக்கும் ஒரு மனு கேப்பாங்க.

தாமிரபரணிக்காரன்
அப்டேட். சித்தப்பா சார்பதிவாளர் ஆபீஸ் போனாரு, ரிஜிஸ்டர் அங்க தான் இருக்கு, பழைய ரிஜிஸ்டர் சார் சொன்னது அப்படியே கரெக்ட். பொறந்த தேதிய வச்சு முதல்ல தேடி இல்லன்னுட்டாங்க, ஏன்னா அந்த புக்ல வரிசை பதிவான தேதிப்படி போகுதாம், நான் பொறந்து கொஞ்ச நாள் கழிச்சு தான் தாத்தா போய் சொல்லியிருக்காரு. அந்த லேமினேட் பேப்பர்ல மூலைல ஒரு பதிவு எண் மங்கலா இருந்துச்சு, அதை போட்டோ எடுத்து வெளிச்சம் கூட்டி படிச்சு சொன்னேன், உடனே கிடைச்சிடுச்சு.

புது சிக்கல் என்னன்னா அம்மா பேர். ரிஜிஸ்டர்ல வீட்ல கூப்பிடுற பேர் தான் இருக்கு. தாத்தா வாயில வந்ததை சொல்லியிருக்காரு, அவங்களும் எழுதிட்டாங்க. அம்மாவோட ஆதார், ரேஷன் கார்டு எல்லாத்துலயும் வேற பேர். என் பாஸ்போர்ட்லயும் ஆதார்ல உள்ள பேர் தான். இப்போ பேர் சேர்க்கிறதையும் இதையும் ஒரே மனுல குடுக்கலாமா?

பழைய ரிஜிஸ்டர்
பதிவு எண்ணை வச்சு கண்டுபிடிச்சது நல்ல வேலை. பழைய சர்டிஃபிகேட் வச்சிருக்கிற எல்லாரும் முதல்ல அந்த எண்ணையும் பதிவான தேதியையும் பாருங்கப்பா, மத்ததெல்லாம் அப்புறம்.

ஒரே மனு வேண்டாம். பேர் சேர்க்கிறது தனி, அம்மா பேர் திருத்தம் தனி. சேர்த்துக் குடுத்தா ஒண்ணு சிக்கினதுக்காக இன்னொண்ணும் கிடப்புல போயிடும். மனு யார் பேருக்கு எழுதணும்னு ரிஜிஸ்டர் இருக்கிற ஆபீஸ்லயே கேட்டு எழுதுங்க. பேர் சேர்க்க உங்க எஸ்எஸ்எல்சி, பாஸ்போர்ட், அப்பா அம்மா உறுதிமொழி. திருத்தத்துக்கு அம்மாவோட பள்ளி சான்றிதழ் இருந்தா ரொம்ப பலம், ஏன்னா அது நீங்க பொறக்குறதுக்கு முன்னாடியே அந்தப் பேர் இருந்துச்சுன்னு காட்டும். ஆதார் அப்படி இல்ல, அது நேத்து வந்தது. ஊர்ல அந்த ரெண்டு பேரும் ஒரே ஆளோட பேர் தான்னு தெரிஞ்ச பெரியவங்க ரெண்டு பேர் இருப்பாங்கல்ல, அவங்ககிட்ட எழுதி வாங்குங்க.

க்யூல நிக்கிறவன்
ப்ரோ திருத்தம் லேட் ஆச்சுன்னா அதுக்காக ஃபைலிங்கை நிறுத்தாதீங்க. உங்க பேர் சேர்ந்த காப்பி வந்ததும் அதை வச்சு, அம்மா பேருக்கு மட்டும் அம்மா அஃபிடவிட் ஒண்ணு சேர்த்துப் போட்டுடலாம். அவங்களுக்கு முக்கியமா வேண்டியது உங்க பேர், தேதி, ஊர், ரெண்டு பெற்றோர் பேர்.

அப்புறம் அப்போஸ்டில் (நம்ம ஊர் ஆவணத்தை வெளிநாட்டுல ஒத்துக்க அரசு தர்ற சான்று) வாங்கணுமான்னு நிறைய பேர் கேக்குறாங்க, க்ரீன் கார்டுக்கு கேக்க மாட்டாங்க. ஐரோப்பா பக்கம் போறவங்களுக்கு சில நாட்டுல வேணும், அது நம்ம மாநில அரசு சரிபார்த்து, அப்புறம் மத்திய வெளியுறவுத் துறை பேப்பருக்கு பின்னாடி ஸ்டிக்கர் ஒட்டித் தரும். லேமினேட் பண்ணியிருந்தா அதுவும் ஒட்ட மாட்டாங்க.

தாமிரபரணிக்காரன்
லேமினேட் பண்ணவரை இன்னைக்கு வரைக்கும் தேடிக்கிட்டு இருக்கேன், வீட்ல யாரும் ஒத்துக்க மாட்டேங்கிறாங்க 😅

கடைசி டவுட், புது காப்பி முழுக்க தமிழ்ல மட்டும் வந்துச்சுன்னா?

இ-சேவை தம்பி
இப்போ பிரின்ட் பண்ணிக் குடுக்கிறது ரெண்டு மொழிலயும் தான் அண்ணா வரும். பழைய புக்கைப் பார்த்து கையால எழுதிக் குடுக்கிற இடத்துல தமிழ் மட்டும் இருக்கலாம், மனுலயே "ஆங்கிலத்திலும் வேண்டும்"னு ஒரு வரி எழுதிடச் சொல்லுங்க.

க்யூல நிக்கிறவன்
அப்படியே தமிழ்ல மட்டும் வந்தாலும் பயப்பட வேண்டாம், இங்கிலீஷ்ல மொழிபெயர்த்து, முழுசா சரியா மொழிபெயர்த்திருக்கேன், எனக்கு ரெண்டு மொழியும் தெரியும்னு மொழிபெயர்த்தவர் எழுதி கையெழுத்து போட்டா போதும். ஏஜென்சி தான் பண்ணணும்னு ஒண்ணும் இல்ல, தமிழ் நல்லா தெரிஞ்ச ஃப்ரெண்டு யாராச்சும் பண்ணித் தரலாம். சீல்ல இருக்கிறது, ஓரத்துல எழுதுனது உட்பட எல்லாத்தையும் மொழிபெயர்க்கணும், எதையும் விடக்கூடாது.

ரெண்டு குட்டீஸ் அம்மா
எங்க வீட்ல பேர் முடிவாயிடுச்சு!! வீட்ல கூப்பிட மாமியார் சொன்ன பேர், பதிவுல எங்கம்மா சொன்ன பேர்.

பழைய ரிஜிஸ்டர்
பதிவுல என்ன இருக்கோ அதையே ஸ்கூல்லயும் குடுங்கம்மா, அது போதும். தாமிரபரணி தம்பி, மனு குடுத்தா ரசீது கேட்டு வாங்கச் சொல்லுங்க சித்தப்பாவை, ரசீது இல்லாம குடுத்த மனு குடுக்காத மனு தான்.

தாமிரபரணிக்காரன்
சொல்லிட்டேன் சார். அதிகாரக் கடிதம் இன்னைக்கு கூரியர்ல போயிடுச்சு, திங்கக்கிழமை சித்தப்பா ரெண்டு மனுவையும் கொண்டு போறாரு.